புருஷன் பெயர் தெரியாதவள்

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கிரிஜா தன் கணவன் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நேரில் பேசும்போது "ஏங்க." மற்றவர்களிடம் பேசும்போது "அவங்க." மகள் பிறந்த பிறகு அது "சியாமளா அப்பா" என்று மாறி, அதிலேயே நிலைத்துவிட்டது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று தஞ்சாவூரில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் இதில் போய் யாராவது பரீட்சை செய்து பார்ப்பார்களா?

கணவன் பெயர் சந்திரமௌலி. அதில் சந்திரன் இருந்ததால் அந்தச் சொல்லும் அவள் வாயில் வராது. வானத்தில் இருப்பது எப்போதும் நிலாதான். நாத்தனார் சந்திராவைக்கூட "மயிலாப்பூர் அக்கா" என்றுதான் சொல்வாள். காகிதத்தில் எழுதினால் தோஷமில்லை; வாயால் சொல்வதுதான் கூடாது. 1969இல் மனிதன் நிலாவில் போய் இறங்கியபோது, மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானுக்குப் பக்கத்தில் ரைன் நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் அவர்கள் குடியிருந்த வீட்டில் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரமௌலி வேண்டுமென்றே கேட்டான்: "கிரிஜா, எங்க இறங்கியிருக்காங்க, சொல்லு பார்ப்போம்?"

"மேலே" என்றாள் கிரிஜா.

சேதுராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சந்திரமௌலியோடு ஒரே உலோக ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த பிரம்மச்சாரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இவர்கள் வீட்டில்தான். கிரிஜாவுக்குக் கூடப்பிறக்காத தம்பி.

சந்திரமௌலி 1963இல் ஜெர்மனிக்கு வந்தான். மனைவியையும் ஆறு வயது மகளையும் 1965இல் வரவழைத்துக்கொண்டான். சியாமளா பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் குழந்தையாகவே வளர்ந்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் ஓர் எழுத்து எழுதத் தெரியாது. கிரிஜாவின் ஜெர்மன் கடைத்தெரு ஜெர்மன். உருளைக்கிழங்கு, ரொட்டி, "ரொம்ப விலை", "நன்றி" என்ற அளவுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டியதெல்லாம் சியாமளா அப்பா பார்த்துக்கொள்வார் என்பதால் அவள் கவலைப்படவே இல்லை.

1973 நவம்பர் இருபத்தைந்தாம் தேதி, பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கார் ஓட்டத் தடை போட்டது. ஜனங்கள் நெடுஞ்சாலைக்கு நடந்து போய்த் திருவிழாவாக்கிவிட்டார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள், சக்கரச் செருப்பில் பையன்கள், நாய்கள், ஒரு குதிரைகூட. சந்திரமௌலி குடும்பமும் போனது. கார் போகும் பாதையில் நடுவே நின்று மகளைப் போட்டோ எடுத்தவன், ஓரத்துக் கம்பியில் உட்கார்ந்து, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது.

ஆம்புலன்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதில் வந்த ஆள் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே கிரிஜாவைப் பார்த்துக் கத்தினான்: "பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்! சத்தமாகக் கூப்பிடுங்கள்!" சியாமளா அதைத் தமிழில் சொல்லி, தானும் "அப்பா, அப்பா" என்று அலறினாள். கிரிஜா "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவன் கண் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது காகிதங்களின் காலம்.

சந்திரமௌலி பத்து வருஷம் சம்பளத்தில் பிடித்துக் கட்டியதால் விதவைப் பென்ஷன் உண்டு, மகளுக்கும் தனியாக உண்டு என்று சேதுராமன் விசாரித்து வந்து சொன்னான். ஆன்ட்ராக் என்று ஜெர்மன்காரர்கள் சொல்லும் விண்ணப்பப் படிவம் பதினொரு பக்கம். ஜனவரியில் சேதுராமன் அதை நிரப்பி அனுப்பினான். பிப்ரவரியில் நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அன்று சியாமளாவுக்குக் கணக்குப் பரீட்சை. சேதுராமன் ஊரில் இல்லை. "நானே போய்ட்டு வந்துடறேன். கேட்டா பாஸ்போர்ட்டைக் காட்டப் போறேன், வேற என்ன?" என்று கிரிஜா தனியாகக் கிளம்பிவிட்டாள்.

பென்ஷன் அலுவலகத்தில் ஃப்ராவ் கெஸ்லர், அதாவது திருமதி கெஸ்லர் என்ற அம்மாள். வெள்ளைக் கழுத்துப்பட்டி, மேஜைமேல் வரிசையாகச் சீவிய பென்சில்கள். கிரிஜாவின் கறுப்புக் கோட்டைப் பார்த்து, வருத்தம் தெரிவித்து, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். உங்கள் பெயர்? பிறந்த தேதி? எல்லாவற்றுக்கும் கிரிஜா பதில் சொன்னாள். கடைசியில் கேட்டாள்: "உங்கள் கணவரின் பெயர்?"

கிரிஜா அவன் பாஸ்போர்ட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஃப்ராவ் கெஸ்லர் ஒற்றை விரலால் அதைத் திருப்பித் தள்ளினாள். "இதை நான் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள்."

கிரிஜா சிரித்தாள். நம் ஊராக இருந்தால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். இங்கே அறையில் இன்னொரு ஆள் இல்லை. "சியாமளாவின் அப்பா" என்றாள்.

"அது சரி. அவர் பெயர்?"

கிரிஜா மறுபடி பாஸ்போர்ட்டைத் தொட்டுக் காட்டினாள். ஃப்ராவ் கெஸ்லர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதினாள். வாசல்வரை வந்து கதவைத் திறந்தும் விட்டாள். அன்று மாலை கிரிஜா மகளிடம், "அந்தம்மா தங்கமானவங்க. காப்பியெல்லாம் குடுத்தாங்க" என்று சொன்னாள்.

மார்ச் போயிற்று. ஏப்ரல் போயிற்று. சேதுராமன் போன் செய்யும்போதெல்லாம் "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே பதில். ஆராய்ச்சிக்கூடத்து நண்பர்கள் சேர்ந்து கொடுத்ததும் சேமிப்பும் கரைந்துகொண்டே வந்தன. வருமானமில்லாதவர்களுக்குப் பணம் தரும் ஊராட்சி உதவி அலுவலகத்துக்குப் போனால், "உங்களுக்குப் பென்ஷன் வரவேண்டியிருக்கிறதே, அங்கே கேளுங்கள்" என்றார்கள். பென்ஷன் அலுவலகத்தில், "முடிவாகும்வரை ஊராட்சியில் உதவி கேளுங்கள்" என்றார்கள். பந்தை உதைப்பதுபோல இரண்டு பேரும் மாறி மாறி உதைத்தார்கள். அந்த உதவிப் பணத்தைத் தொட்டால் வேறொரு ஆபத்து என்றான் சேதுராமன். அரசாங்க உதவியில் பிழைக்கும் வெளிநாட்டவருக்கு நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

அனுமதி 1975 மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்தான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள்: பென்ஷன் உத்தரவைக் கொண்டுவந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். வேலைக்குப் போகலாமென்றால், வெளிநாட்டு ஆட்களுக்குக் கதவைச் சாத்திய நேரம் அது. ஊருக்குத் திரும்பினால் மயிலாப்பூரில் நாத்தனார் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். சியாமளாவைத்தான் என்ன செய்வது? எழுதவே தெரியாத மொழியில் பதினைந்து வயதில் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? "ஸ்கூலா? கல்யாணத்தைப் பண்ணு" என்பார்கள். சியாமளாவோ டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று சுவரில் எலும்புக்கூட்டுப் படம் மாட்டி வைத்திருந்தாள். கிரிஜாவுக்கு அந்த எலும்புக்கூட்டைப் பார்த்தால்கூட அழுகை வந்தது.

அக்டோபரில் தடித்த உறை ஒன்று வந்தது. சியாமளா ஆசையாகப் பிரித்துப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னடி? குடுத்துட்டாங்களா?"

"அம்மா, நீ அந்த ஆபீஸ்ல என்ன சொன்னே?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஏன்?"

"உனக்கு அப்பா பேரே தெரியாதுன்னு எழுதியிருக்காங்க."

கிரிஜா கையிலிருந்த கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாப்பாட்டுக்கு வந்திருந்த சேதுராமன் கடிதத்தை வாங்கிப் படித்தான். "விண்ணப்பதாரரால் ஆவணத்தைப் பார்க்காமல் இறந்தவரின் பெயரைச் சொல்ல இயலவில்லை. இறந்தவரைத் தன் மகளின் தகப்பன் என்று மட்டுமே குறிப்பிட்டார். ஆகவே இருவருக்கும் இடையே சட்டப்படி திருமணம் நடந்ததா என்பது ஐயத்துக்குரியது." அதைத் தமிழில் சொல்லாமல் கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தான்.

"என்ன தம்பி, சொல்லுங்க."

"அண்ணி, இந்த ஊர்ல கல்யாணம் ஆகாதவங்கதான் குழந்தையோட அப்பான்னு சொல்லுவாங்களாம். நீங்க அவர் வொய்ஃப் இல்லைன்னு..." என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கிரிஜாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. தான் மனைவி என்பதற்காக எந்த ஒன்றைப் பதினாறு வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றினாளோ, அதையே எடுத்து, நீ மனைவியே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதுவும் காப்பி கொடுத்துவிட்டு.

"நான் கூட வந்திருந்தா சொல்லியிருப்பேனேம்மா" என்றாள் சியாமளா. அதைத்தான் அவள் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1957இல் திருவையாற்றில் நடந்த கல்யாணத்துக்கு யார் பதிவுச் சான்றிதழ் வாங்கினார்கள்? முந்நூறு பேர் சாப்பிட்டுப் போனதே சாட்சி. கிரிஜா பெட்டியைக் கிளறிக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: "அழைப்பிதழ், ஒரு விழா திட்டமிடப்பட்டதை மட்டுமே காட்டுகிறது. அது நடைபெற்றதை அல்ல." கல்யாணப் போட்டோ அனுப்பினார்கள். மாலையும் கழுத்துமாக இருக்கும் இருவரும் யார் என்று போட்டோவில் எழுதியிருக்கவில்லையாம். தமிழ்ப் பெண்கள் கணவன் பெயர் சொல்வதில்லை என்று சேதுராமன் இரண்டு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதினான். "தங்கள் நாட்டு வழக்கங்கள் பற்றிய தகவலுக்கு நன்றி" என்று ஒரே வரியில் அதற்குப் பதில் வந்தது.

இவ்வளவும் போதாதென்று டிசம்பரில் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். உறையின்மேல் "திரு. சந்திரமௌலி அவர்களுக்கு" என்று இருந்தது.

நடந்தது இதுதான். இவர்கள் கல்யாணமானவர்களா என்று பென்ஷன் அலுவலகம் வரி அலுவலகத்தைக் கேட்டிருக்கிறது. எட்டு வருஷமாக மணமானவர் என்று குறைந்த வரி பிடித்துக்கொண்டிருந்த அலுவலகம், "ஆமாம், மணமானவர்தான்" என்று சொல்ல வேண்டியதுதானே? அதைச் சொல்லாமல், மனைவி இல்லாத ஆளுக்கு நாம் ஏன் எட்டு வருஷம் சலுகை கொடுத்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது. கணக்கைத் திரும்பத் திறக்கப்போவதாகவும், குறைவாகக் கட்டிய வரியைக் கேட்க நேரிடலாம் என்றும், திரு. சந்திரமௌலி நான்கு வாரத்துக்குள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்றும் கடிதம் சொல்லியது. வரத் தவறினால் அது அவருக்குப் பாதகமாகக் கருதப்படும்.

சியாமளா படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் சேதுராமன் வரி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றான். "அவர் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது" என்றான்.

"அப்படியானால் அவர் மனைவி இறப்புச் சான்றிதழோடு வரட்டும்" என்றார் அங்கிருந்தவர்.

"மனைவியா? அவருக்கு மனைவியே இல்லை என்றுதானே கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள்?"

அந்த மனிதர் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வேறு பிரிவு" என்றார்.

பிப்ரவரி முடிவில் பென்ஷன் அலுவலகம் ஒரு வழி சொன்னது. கிரிஜா நேரில் வந்து, சத்தியப் பிரமாணம்போல ஓர் உறுதிமொழியை அதிகாரி முன்னால் வாய்விட்டு வாசித்துக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்களாம். வேறு யாரும் அவளுக்காக வாசிக்கக் கூடாது. டெர்மின், அதாவது அவள் போக வேண்டிய நாள், மார்ச் இருபதாம் தேதி. அனுமதி முடியப் பதினொரு நாள்.

சேதுராமன் அந்த வாசகத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தான். கிரிஜா அதை அடுப்படியில் ஒட்டி வைத்துத் தினமும் படித்தாள். சரளமாக வந்தது, அந்த ஒரு இடத்தைத் தவிர. அங்கே வந்ததும் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த சொல்லுக்குப் போய்விடுவாள். "அண்ணி, அன்னைக்கு ஒரே ஒரு தடவை" என்று சேதுராமன் கெஞ்சினான்.

"சொல்லுவேன் தம்பி. அங்க போய்ச் சொல்லுவேன்" என்றாள் கிரிஜா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அதே அறை. அதே ஃப்ராவ் கெஸ்லர், அதே பென்சில் வரிசை. இந்தத் தடவை பக்கத்தில் சியாமளா. கிரிஜா காகிதத்தைக் கையில் பிடித்து வாசித்தாள். "கிரிஜா ஆகிய நான், 1957ஆம் ஆண்டு முதல்..." அங்கே நின்றுவிட்டாள். ஃப்ராவ் கெஸ்லர் காத்திருந்தாள். சியாமளா வாய் திறந்தாள். ஃப்ராவ் கெஸ்லர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள்.

மகளின் கை மேஜைக்கடியில் அம்மாவின் புடவையைப் பற்றியிருந்தது. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையுமே என்ற பழைய பயம் கிரிஜாவுக்குத் தன்னால் வந்து நின்றது. குறைய இனி என்ன இருக்கிறது என்று அதற்கு ஒரு பதிலும் கூடவே வந்தது. அந்தப் பதிலைக் கேட்டு அவளே அதிர்ந்துபோனாள். பதினாறு மாதமாகக் கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கிறாள், விதவை என்று பதினொரு பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனாலும் இந்த நிமிஷம்வரை அவள் மனசு அந்த மனுஷனின் ஆயுளைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"சந்திரமௌலி" என்றாள்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து அறையில் தட்டச்சு ஓசை ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. கிரிஜா மீதி இரண்டு வரியையும் வாசித்து முடித்தாள். ஃப்ராவ் கெஸ்லர் முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, பென்ஷன் உண்டு என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அங்கேயே ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தாள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். "போன வருஷமே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்.

அவர்கள் ஜெர்மனியிலேயே இருந்தார்கள். பென்ஷன் ஜூனில் வந்தது. சியாமளா படித்தாள், பானிலேயே டாக்டருக்குச் சேர்ந்தாள். கிரிஜா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குப் போய், ஜெர்மன் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் தானே கூடப்போய் நின்றாள். வரி அலுவலகம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. 1979 வரைக்கும் திரு. சந்திரமௌலிக்கு வருஷா வருஷம் படிவம் அனுப்பிக்கொண்டிருந்தது.

பெயரைச் சொன்ன அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் சியாமளா துள்ளிக் குதித்தாள். "அம்மா, முடிஞ்சது! இனிமே யாரும் நம்மளைப் போகச் சொல்ல முடியாது!" திரும்பிப் பார்த்தால் கிரிஜா நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில் கிடந்தது.

"ஏம்மா அழறே? அதான் சொல்லிட்டியே!"

"அதான்டி" என்றாள் கிரிஜா. "இவ்வளவு சத்தமா எனக்குச் சொல்ல வருதே. அன்னைக்கு ரோட்டுல அந்த ஆள் கத்தினானே, பேர் சொல்லிக் கூப்பிடுங்கன்னு. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே."

சியாமளா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதம் கீழே விழாமல் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு பஸ் வந்து போயின. மூன்றாவதில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.